கரையோரக் கடலின் நுண்ணிய வேட்டைக்காரர்

கரையோரக் கடலிலே ஒரு கலன் நீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் நீராகவே தோன்றும். நுண்ணிய கண்களையுடைய வலையொன்றைத் தோணியின் பின்னே கட்டி, கால் மணிநேரம் மெல்ல இழுத்து, வலையின் அடியிற் சேர்ந்ததைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினால் உண்மை புலனாகும். கூழ்போலக் குழம்பிக் கிடப்பது முழுவதும் உயிர். கடுகினும் சிறியவை துள்ளுகின்றன. கண்ணாடி ஊசி போன்றவை அசையாது கிடந்து திடீரெனப் பாய்கின்றன. நெல்லிக்காய் வடிவான நீர்த்துளி போன்றவை வானவில்லின் நிறங்களை வீசியவாறு உருளுகின்றன.

நீரோட்டம் கொண்டுசெல்லும் திசையிலே செல்வதன்றி, அதனை எதிர்த்து நீந்தும் வலியில்லாத இவ்வுயிர்களுக்குச் செருமானிய அறிஞர் விக்ரர் ஹென்சன் 1887இல் ‘பிளாங்ரன்’ எனப் பெயரிட்டார். அலைந்து திரிவது என்னும் பொருளையுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் மிதவையுயிர் என்று வழங்கலாம். மிதவையுயிருள் ஒரு பகுதி பாசியினம். வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது. இன்னொரு பகுதி அப்பாசியை மேயும் சிறு விலங்குகள். அவற்றுள்ளே எண்ணிக்கையில் முதன்மை பெறுவது துடுப்புக்காலி என்னும் இறாலினத்துச் சிற்றுயிர். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளமே உடையது. பாசியைப் புல்லென்று கொண்டால் துடுப்புக்காலியைக் கடலின் ஆட்டு மந்தை எனலாம். மந்தை உள்ள இடத்தில் நரியும் உண்டு. அந்த நரிகள் எவை, அவை எதனை உண்கின்றன, எவ்வளவு உண்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

விரல் நீளமும் இல்லாத ஓர் உயிர் எதைத் தின்றால் என்ன என்று நேயர் சிலர் எண்ணக்கூடும். நெத்தலியும் சாளையும் தம் முட்டைகளைப் பாறையில் ஒட்டி வைப்பதில்லை; கூடு கட்டிக் காப்பதுமில்லை. அவற்றைத் திறந்த நீரிலே விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து வெளிவரும் நெத்தலிக்குஞ்சு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளமுள்ளது. அந்நிலையில் அதுவும் ஒரு மிதவையுயிரே. அதற்கு இரை துடுப்புக்காலியின் குஞ்சுகள். மிதந்து திரியும் வேட்டையுயிர்கள் மீன்குஞ்சின் இரையையும் தின்கின்றன, மீன்குஞ்சையும் தின்கின்றன. ஆண்டு முடிவில் மீனவனின் வலையில் விழும் மீனின் தொகை, அம்மீன் கண்ணுக்குப் புலப்படாதிருந்த அந்தச் சில கிழமைகளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றது.

இவ்வேட்டையுயிர்களுள் முதலிற் கூறத்தக்கது அம்புப்புழு. மன்னார்க் கடல் தொடக்கம் துருவக் கடல் வரை இது இல்லாத கடலில்லை. பெரும்பாலான இனங்கள் ஒன்று முதல் மூன்று சென்ரிமீற்றர் வரை நீளமுடையன. உடல் கண்ணாடிபோலத் தெளிந்தது. வாலிலும் விலாவிலும் செட்டைகள் இருத்தலால் அம்பின் வடிவம் பெற்றது. தலையின் இரு பக்கத்தும் வளைந்த கொக்கிகள் வரிசையாக உள்ளன. வேட்டையில்லாத வேளையில் அக்கொக்கிகளை ஒரு தோலுறை மூடியிருக்கும். உறையிலிட்ட கத்தி போல. சாள்ஸ் டார்வின் தமது கப்பற் பயணத்திலே இவ்வுயிரைக் கண்டு, 1844இல் ஒரு கட்டுரை எழுதினார். விலங்கினத்தில் இது எவற்றோடு உறவுடையது என்பது அவருக்கு விளங்கவில்லை. அப்புதிருக்கு 2019 வரையிலும் தக்க விடை கிடைத்திலது. சக்கரவுயிர் எனப்படும் நுண்ணிய நீர்வாழ் உயிர்களே இதன் கிளையினர் என்று பரம்பரையலகுகளின் ஆராய்ச்சி அவ்வாண்டிற் காட்டிற்று.

அம்புப்புழு இரையைத் துரத்துவதில்லை. அசையாமல் நீரிலே கிடந்து மெல்லத் தாழ்கின்றது. அதற்குக் கண் உண்டாயினும் அக்கண் உருவத்தைக் காண வல்லதன்று. ஒளியின் திசையை மட்டும் உணரும். பின் எவ்வாறு வேட்டையாடுகின்றது? ஹொறிட்ஜ், போல்ரன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கடலடியில் ஒட்டி வாழும் அம்புப்புழு இனமொன்றின் அருகே அதிரும் நுண்ணிய கம்பியொன்றை நீட்டினர். உயிரற்ற அக்கம்பியின் மீதே புழு பாய்ந்தது. அதிர்வு ஒரு குறித்த அளவினதாகவும், தொலைவு சில மில்லிமீற்றருக்குள்ளும் இருத்தல் வேண்டும். துடுப்புக்காலி துடுப்படிக்கும்போது நீரில் எழும் நடுக்கத்தைப் புழு தன் உடலெங்குமுள்ள நுண்மயிர்க் கற்றைகளால் உணர்கின்றது என்பது 1967இல் இவ்விதம் தெளிவாயிற்று. அசையாதிருக்கும் துடுப்புக்காலி அதன் அருகிலேயே பிழைத்திருக்கக்கூடும்.

கொக்கியிற் சிக்கிய இரை ஏன் உடனே ஓய்ந்துவிடுகின்றது என்பதும் நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1988இல் யப்பானிற் பணியாற்றிய ஆராய்ச்சியாளர் அம்புப்புழுவின் தலையிலே ஒரு நஞ்சைக் கண்டனர். பேத்தை மீனை உண்டு இறந்தவரைக் கொன்ற அதே நஞ்சு அது. நரம்பின் செயலை அது நிறுத்திவிடும். இரை துடித்தால் கண்ணாடி போன்ற உடல் கிழிந்துபோகுமன்றோ? ஆகையால் ஒடுக்கி, அசையாமற் செய்து, முழுதாக விழுங்குகின்றது. சில வேளைகளில் தன் பருமனுக்குச் சற்றுக் குறைந்த மீன்குஞ்சையும், தன் இனத்தையே சேர்ந்த சிறியதையும் விழுங்கும்.

இத்தகைய உயிர்களின் உணவைப் பற்றி முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடியாகக் கருதத்தக்கவர் மேரி லெபூர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1876இற் பிறந்த இவர் முதலில் ஓவியக்கலை பயின்று, பின்னர் விலங்கியலுக்கு வந்தவர். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் பிளிமத் நகரத்துக் கடலுயிர் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, 1946 வரை அங்கேயே பணிபுரிந்தார். மிதவையுயிர்களின் உணவு குறித்து 1922இலும் 1923இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடிப்படைகளுள் அடங்குவன. ஓவியம் பயின்ற கை வீண்போகவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்டதை அவர் வரைந்த கோடுகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன.

மிதவையுயிரை வீட்டுத் தொட்டியில் மீன் வளர்ப்பதுபோல் வளர்க்க முடியாது. நீர் ஆடாதிருந்தால் அவை அடியிற் படிந்து மடிந்துவிடும். பிரவுண் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு ஓர் எளிய வழி கண்டிருந்தார். சாடியின் உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு மெதுவாக மேலும் கீழும் சென்றுவரும். நீர் எப்போதும் மெல்லக் கலங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய சாடிகளில் லெபூர் அம்மையார் இழுதுமீன், அம்புப்புழு, கடல்நெல்லி முதலியவற்றை வளர்த்து, எது எதனைத் தின்கின்றது என்று நாள்தோறும் பார்த்து எழுதினார். கையளவும் இல்லாத இழுதுமீன்கள் மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்பதை நேரிற் கண்டார். பொறுமையே இதில் முதற்கருவி.

சாடியிற் கண்டது கடலிலும் உண்மையாகுமா என்பது அடுத்த வினா. சிறைப்பட்ட உயிர் கிடைத்ததைத் தின்னும். ஆகையால் கடலிலிருந்து அப்போதே பிடித்தவற்றின் வயிற்றையும் பார்த்தல் வேண்டும். இங்குதான் இடர் தொடங்குகின்றது. வலையிற் பிடிபடும் அம்புப்புழுக்களுட் பெரும்பாலானவற்றின் வயிறு வெறுமையாகவே இருக்கும். அவை பட்டினி கிடக்கின்றன என்பது அதன் பொருளன்று. இரை விரைவிற் செரித்துவிடுகின்றது என்பதே பொருள். 100 புழுக்களிற் 10 புழுக்களின் வயிற்றில் ஒவ்வோர் இரை இருந்ததென்றும், ஓர் இரை செரிக்க 2 மணிநேரம் ஆகுமென்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளில் அந்தப் பத்து இரையும் பன்னிரண்டு முறை மாறியிருக்கும். ஆகவே 100 புழுக்கள் நாளொன்றுக்கு 120 இரை தின்றன என்று கணக்காகும். செரிக்கும் காலம் 4 மணிநேரம் என்றால் அத்தொகை 60ஆகக் குறைந்துவிடும். குளிர்ந்த நீரிற் செரிமானம் மெதுவானது. வெப்பமான நீரில் விரைவானது. எனவே ஒரு கடலிற் பெற்ற கணக்கை இன்னொரு கடலுக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

வலையும் பொய் சொல்லும். ஆயிரக்கணக்கான உயிர்கள் வலையின் அடியில் நெருக்குண்டு கிடக்கும்போது, அம்புப்புழு அருகிற் கிடைத்ததையெல்லாம் விழுங்கிவிடுகின்றது. கடலிலே என்றும் தின்னாததை வலைக்குள்ளே தின்றிருக்கலாம். வேறு சில, அச்சத்தால் உண்டதைக் கக்கிவிடுகின்றன. துடுப்புக்காலியின் தாடை கடினமானது. நெடுநேரம் செரியாமற் கிடந்து சாட்சி சொல்லும். தோலில்லாத மெல்லுயிரைத் தின்றிருந்தால் சிறிது நேரத்தில் அதன் சுவடும் இராது. வயிற்றில் எஞ்சியதைக் கொண்டு உணவைக் கணிப்பது, குப்பைத்தொட்டியைக் கிளறி அவ்வீட்டார் உண்டது யாது என்று கூறுவதை ஒக்கும். எலும்பு அகப்படும், குடித்த பால் அகப்படாது. இழுதுபோன்ற உடலுடைய உயிர்களோ வலையிற் பட்ட அளவிலேயே சிதைந்துவிடும். கெடாமற் காப்பதற்கு ஊற்றும் மருந்திலேயே கரைந்துபோவனவும் உள. இக்காரணத்தாற் பல ஆண்டுகள் அவை கணக்கிலேயே சேரவில்லை. 1970களில் வில்லியம் ஹம்னர் முதலியோர் சுவாசக் கருவி பூண்டு கடலில் இறங்கி, அவற்றை அவை இருந்தபடியே கண்டு, கையாலே சாடிகளிற் பிடித்த பின்னரே அவற்றின் பெருக்கம் நன்கு உணரப்பட்டது. இக்காலத்தில் வயிற்றில் எஞ்சிய பரம்பரையலகின் துணுக்கைக் கொண்டே இரையின் இனத்தைக் கூறும் முறையும் வந்துள்ளது.

சற்று முன்பு கூறிய கடல்நெல்லி அத்தகைய உயிர்களுள் ஒன்று. நெல்லிக்காயின் வரிகள்போல உடலில் எட்டு வரிகள் உண்டு. ஒவ்வொரு வரியும் நுண்ணிய சீப்புகளை அடுக்கியது போன்றது. அச்சீப்புகளை அசைத்து நீந்துவதால் இவ்வினத்தைச் சீப்பிழுது என்பது பொருந்தும். சொறிமுட்டையைப் போலத் தோன்றினாலும் இது அந்த இனமன்று; தொட்டாற் சொறியாது. கடல்நெல்லியின் உடலிலிருந்து இரண்டு நீண்ட இழைகள் தொங்குகின்றன. நெடுங்கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டி மீனவர் கடலில் விடுவதுபோல, ஒவ்வோர் இழையிலும் கிளையிழைகள் பல. அவற்றில் இருப்பது முள்ளன்று, பசை. ஒட்டிய இரையை உடல் சுழன்று வாயருகே கொண்டுவருகின்றது.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிரின் உணவு, ஒரு முழுக்கடலின் கதையாக மாறியது. அமெரிக்காவின் அத்திலாந்திக்குக் கரையோரத்திலே, கழிமுகங்களிலும் குடாக்களிலும் வாழும் சீப்பிழுது ஒன்று உண்டு. அறிஞர் அதனை நெமியொப்சிசு என்பர். உள்ளங்கை அளவினது, இரு பக்கமும் அகன்ற மடல்கள் உடையது. அம்மடல்களுக்கிடையே நுண்மயிர்களால் ஒரு நீரோட்டத்தை இது உண்டாக்குகின்றது. ஆபத்தை நீரின் அசைவாலேயே உணர்ந்து துள்ளித் தப்பும் துடுப்புக்காலிக்கும் அந்த ஓட்டம் புலப்படாது, அத்துணை மென்மையானது. 2010இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. தான் கொண்டுசெல்லப்படுவதை இரை அறிவது மடல்களுக்குள் வந்து சேர்ந்த பின்னரே. வயிறு நிறைந்தாலும் இவ்வுயிர் ஓய்வதில்லை. மிகுதியைக் கக்கிவிட்டு மேலும் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாய் இருத்தலின் ஒன்று தனித்துச் சென்றாலும் இனம் பெருகும். நன்கு உண்ட ஒன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடவல்லது.

சரக்கில்லாத கப்பல், நிலைதளும்பாதிருக்கத் துறைமுகத்து நீரைத் தன் அடிவயிற்றில் நிரப்பிக்கொண்டு சென்று, சரக்கேற்றும் துறையில் அதனை வெளியே விடும். அத்தகைய நீரோடுதான் இவ்வுயிர் கருங்கடலைச் சேர்ந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. 1982இல் அது அங்கே முதன்முதலாகக் காணப்பட்டது. 1989இல் ஒரு சதுர மீற்றர் கடற்பரப்பின் கீழே கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுது இருந்தது. துடுப்புக்காலிகள் பெரிதும் அருகிவிட்டன.

கருங்கடலின் நெத்தலியைத் துருக்கியர் ‘ஹம்சி’ என்பர். கோடையில் வடமேற்குப் பகுதியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் தென்கரையை நோக்கித் திரள்திரளாக வரும் மீன் அது. திராப்சன் நகரத்துப் பக்கத்திலே அதனைச் சோற்றோடும் சமைப்பர். ரொட்டி மாவோடும் பிசைவர். ஏழையின் குளிர்கால உணவும் கரையோர மீனவனின் வாழ்வும் அதுவே. 1988இல் துருக்கிய மீனவர் ஏறக்குறைய 3 இலட்சம் தொன் ஹம்சி பிடித்தனர். 1990இல் 1 இலட்சம் தொன்னும் கிடைக்கவில்லை. படகுக்குக் கடன்பட்டவன் என்ன செய்வான்?

இழுதே மீனைத் தின்று தீர்த்தது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. வழக்கு அத்துணை எளிதானதன்று. அந்த இழுதின் வயிற்றை ஆராய்ந்தோர் கண்டது பெரும்பாலும் துடுப்புக்காலிகளையும் மட்டி, சிப்பி இனங்களின் இளவுயிர்களையுமே. மீன்முட்டையும் மீன்குஞ்சும் சிறு பகுதியாகவே இருந்தன. எனவே குஞ்சைத் தின்றது என்பதிலும், குஞ்சின் வாயிலிருந்த கவளத்தைப் பறித்தது என்பதே பொருத்தம் என்றனர் ஒரு சாரார். இன்னொரு சாராரோ மீனவரையும் அரசுகளையும் நோக்கி விரல் நீட்டினர். 1980களில் படகுகளும் வலைகளும் அளவுமீறிப் பெருகியிருந்தன. முதிராத மீனையும் விடாது பிடித்தனர். உணவுக்குப் போட்டியிட நெத்தலிக் கூட்டம் குறைந்துபோனதாலேயே இழுது அவ்வளவு பெருக முடிந்தது என்பது அவர் வாதம். இழுது இன்னும் மிகுந்திருந்த காலத்திலேயே, 1995இல், துருக்கியரின் ஹம்சிப் பிடிப்பு மீண்டும் 3 இலட்சம் தொன்னைக் கடந்தது என்பது இவ்வாதத்துக்கு வலுவூட்டுகின்றது. ஆற்றுநீரோடு வந்த உரத்தின் கழிவும் அக்கடலை முன்னரே நலிவித்திருந்தது. குற்றவாளி ஒருவரல்லர் என்றே கொள்ளத்தகும். வாயில்லா இழுதின்மேல் முழுப்பழியையும் சுமத்துவது பலருக்கு வசதியாயிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதன்பின் நிகழ்ந்தது எவரும் திட்டமிட்டதன்று. 1997இல் இன்னுமொரு சீப்பிழுது கருங்கடலில் தோன்றியது. பெரோவே என்பது அதன் பெயர். மடலுமில்லை, இழையுமில்லை, உடல் முழுவதும் வாயும் வயிறுமான ஒரு பை. இதன் உணவு ஏனைய சீப்பிழுதுகள் மட்டுமே. தன்னளவினதைக்கூட முழுதாக விழுங்கும். விழுங்க முடியாததை உதட்டின் உள்ளேயுள்ள பற்கள் போன்ற தடித்த மயிர்களாற் கடித்துத் துண்டாக்கும். இதுவும் அமெரிக்கக் கரையிலிருந்து கப்பல்நீரில் வந்ததாகவே கருதுவர். இது வந்த பின்னர் முன்னைய இழுது கோடையின் பிற்பகுதியில் ஓரிரு மாதமே பெருகுவதும், பெரோவே தோன்றியதும் அருகுவதுமாயிற்று. துடுப்புக்காலிகளும் மீன்முட்டைகளும் நீரில் மீண்டும் மிகுந்தன. இழுதைத் தின்றபின் வேறொன்றையும் தின்னத் தெரியாமையே பெரோவேயின் தனிச்சிறப்பு. அது பல்வகை உணவும் கொள்வதாயிருந்தால் கருங்கடலின் நிலை வேறாயிருக்கும்.

கசுப்பியன் கடலுக்கு அந்த நற்பேறு உடனே வாய்க்கவில்லை. வொல்கா, டொன் ஆறுகளை இணைக்கும் கால்வாய் வழியாகச் சென்ற கப்பல்களால் நெமியொப்சிசு அங்கும் புகுந்து, 1999இல் இனங்காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஈரான் முதலிய கரைநாடுகளின் கில்கா என்னும் சிறுமீன் தொழில் பெரிதும் சரிந்தது. கப்பல்கள் சுமந்துசெல்லும் நீரைச் சுத்திசெய்தே வெளிவிடல் வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 2017ஆம் ஆண்டு செப்ரெம்பரில்.

நெமியொப்சிசு 2006இற் செருமனியின் வடகரையான போற்றிக்குக் கடலிலும் காணப்பட்டது. அங்கே அதன் நடத்தை ஆராய்ச்சியாளரை மயக்கிற்று. கோடையின் இறுதியில், துடுப்புக்காலிகள் தீர்ந்துபோகும் காலத்தில், அது இலட்சக்கணக்கிற் குஞ்சு பொரிக்கின்றது. இரையில்லாத காலத்தில் இவ்வளவு குஞ்சு எதற்கு? குளிர்காலத்தைத் தாண்டி அக்குஞ்சுகள் பிழைப்பதுமில்லை. கீல் நகரத்துக் குடாவிலே செய்த ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளிவந்தது. பார நைதரசனாற் குறியிட்ட குஞ்சுகளை வளர்ந்தவற்றோடு விட்டுப் பார்த்ததில், அக்குறி வளர்ந்தவற்றின் உடலிலே காணப்பட்டது. வேறு இரை அற்றுப்போன கிழமைகளில் அவை தம் குஞ்சுகளையே உண்டு, வருங் குளிர்காலத்துக்கு வேண்டிய வலுவைச் சேர்த்துக்கொள்கின்றன. கோடையில் அக்குஞ்சுகள் தின்ற துடுப்புக்காலிகளெல்லாம் இவ்வழியே தாயின் உடலுக்கு வந்துசேர்கின்றன.